மூன்று பாகத் தண்ணீர்

வேண்டாம் என்று சொல்லத்தான் நான் தூத்துக்குடிக்குப் போனேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை சொர்ணத்தாய் தூத்துக்குடியில் வாக்கப்பட்டவள். அவளுக்கும் அவள் புருஷனுக்கும் உப்பளத்தில் வேலை. ஒரே மகன் லிங்கராஜ். அவனுக்கு என் இளைய மகள் செல்வமாரியைக் கேட்டு மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டாள். முறைப் பையன்தான். குடிக்க மாட்டான் என்றார்கள். சொல்கிறவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். எனக்கு அவன் பிழைப்புதான் பிடிக்கவில்லை. அளத்து வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய வள்ளத்தை வாங்கி, ஊர் பார்க்க வருகிறவர்களை அதில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய்ச் சுற்றிக் காட்டிவிட்டு, ஏற்றின இடத்திலேயே திரும்ப இறக்கிவிடுகிறான். கிளம்பின இடத்துக்கே வந்து சேர்வதற்கு ஒரு பயணமா? அதற்கு ஒரு ஆளா? விதைக்கிறதும் இல்லை, அறுக்கிறதும் இல்லை, ஒரு மூட்டை சுமந்து இறக்குகிறதும் இல்லை.

செல்வமாரி தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் தூக்குச்சட்டியில் சோற்றை அமுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, பாக்காமலே வேண்டாம்னு சொல்லுதீங்க. ஒரு தடவ போயி அவிய வள்ளத்துல ஏறி உக்காந்து பாத்துட்டு வாங்க. பாத்துட்டு வேண்டாம்னு சொன்னீங்கன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்க சொல்லுத எடத்துல கழுத்த நீட்டுதேன்."

"பேச்சு மாறப்பிடாது."

"மாற மாட்டேன். நீங்களும் நெசமாப் பாக்கணும்."

என் பெஞ்சாதி வெயிலுகந்தம்மாள் அடுப்புக்கு முன்னால் இருந்தபடியே, "அந்த மனுசனுக்குக் கடல்னா பயம்ட்டி. அதச் சொல்ல மாட்டாரு, மாப்பிள்ளையக் கொற சொல்லுவாரு" என்றாள்.

"ஆமா, இவ முங்கி முத்தெடுத்தவ" என்றேன். ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. மகள் தன் ஆயுசு பூராவையும் என் ஒரு வார்த்தையில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். ஏமாற்ற முடியாது. போய்ப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றை அளப்போம். காடு, மாடு, வீடு எல்லாம் அதற்கு அப்புறம். போகிற பிள்ளை தண்ணீருக்கு அலையக் கூடாது இல்லையா? அளப்பதற்கு ஒரு தாம்புக்கயிறு உண்டு. என் அப்பா காலத்துக் கயிறு இற்றுப்போய் நான் புதுசு திரித்துவிட்டேன். ஆனால் நுனியில் கட்டுகிற பாதாளக் கரண்டி அவர் கொடுத்ததுதான். கிணற்றில் வாளி விழுந்தால் துழாவி எடுப்பதற்கு நாலு பக்கமும் கொக்கி வைத்துக் கொல்லன் அடித்த இரும்பு அது. கனமாக இருக்கும், நேராக இறங்கும். தரை தட்டியதும் கயிறு தொய்யும். மேலே இழுத்து, நனைந்த கயிற்றை இரண்டு கையையும் அகல விரித்து அளக்க வேண்டும். ஒரு விரிப்புக்கு ஒரு பாகம். கொக்கியில் ஒட்டி வருகிற மண்ணைப் பார்த்தால் அடியில் சேறா, சுக்கான்கல்லா, பாறையா என்று தெரிந்துவிடும்.

மூத்தவள் இசக்கிக்கும் அளந்துதான் கொடுத்தேன். நாலரை பாகம் தண்ணீர் கிடந்தது. சந்தோஷமாகச் சரி என்றேன். அடுத்த சித்திரையில் அந்தக் கிணற்றுத் தரை வெடித்துக் கிடந்தது. அவள் பக்கத்து ஊருக்கு நடந்து தண்ணீர் சுமக்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது இடுப்பில் குடம் உட்கார்கிற இடம் கறுத்துக் காய்த்திருந்தது. கயிறு பொய் சொல்லவில்லை. ஐப்பசி மழை முடிந்து கார்த்திகையில் போய் அளந்த மடையன் நான்தான்.

ஆகையால் இந்தத் தடவை சித்திரையில்தான் போவது என்று முடிவுசெய்தேன். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அது. இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. எங்கள் கிணற்றில் கரண்டியைப் போட்டால் ணங்கென்று சத்தம்தான் வரும். கரிசல் காட்டில் விழுந்த வெடிப்புக்குள் ஒரு ஆட்டுக்குட்டியின் கால் போய் மாட்டிக்கொண்டது.

கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கடலை எவனாவது அளப்பானா என்று கேட்பீர்கள். அவன் வீட்டில் கிணறு கிடையாது. அவன் நம்பிப் பிழைக்கிற தண்ணீர் அதுதான். அளக்காமல் எப்படிப் பெண் கொடுப்பது?

எட்டயபுரம் வழி பஸ்ஸில் போய் இறங்கினேன். லிங்கராஜ் கரையிலேயே நின்றான். வெயிலில் வெந்த உடம்பு. பேச்சு கம்மி. பேசாதவனை நான் சீக்கிரத்தில் நம்ப மாட்டேன். பேசுகிறவனையும் நம்ப மாட்டேன்.

"வாங்க மாமா. சாப்ட்டீங்களா?"

"அது கெடக்கட்டும். எங்க உன் வள்ளம்?"

காட்டினான். நீலப் பெயின்ட் அடித்து, மேலே துணிப் பந்தல் போட்டு, இரண்டு பக்கமும் பலகை வைத்திருந்தான். நடுவில், அடித்தட்டில், ஒரு கதவு அகலத்துக்கு மூடி போட்டிருந்தது.

"ஏலே, இது என்னது?"

"கண்ணாடி மாமா. தண்ணிக்கு அடியில உள்ளதப் பாக்கதுக்கு."

"மெதக்குததுல ஓட்டையப் போட்டு, அதுல போயி கண்ணாடிய வச்சிருக்கியா? உங்க அப்பன் ஒண்ணும் சொல்லலியா?"

"ஒரு வெரல் கனம் மாமா. மேல ஏறி நின்னாலும் ஒடையாது."

"நீ நில்லு பாப்போம்."

மூடியை எடுத்துவிட்டு ஏறி நின்றான். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. நின்றுவிட்டு இறங்கினான். எனக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படாததால், "சரி, சரி" என்றேன்.

பரீட்சை லீவு. ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள். எங்கள் வள்ளத்தில் ஒன்பது பேர். அதில் ஒரு குடும்பம் கோவில்பட்டி. கடலைமிட்டாய்க் கடை பூவனநாதன், அவர் சம்சாரம் சுதாராணி, பத்து வயசு மகள் ஐஸ்வர்யா. என் பேச்சைக் கேட்டதுமே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணாச்சி நம்ம ஊர்ப் பக்கமா?"

"கழுகுமலைக்குக் கெழக்க."

"அதான பாத்தேன். பையில என்ன, கயிறா? மாடு ஏதும் கடல்ல மேயுதோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் பையைக் காலுக்கு அடியில் தள்ளினேன். லிங்கராஜ் ஆளுக்கொரு மிதக்கிற சட்டை கொடுத்தான். ஆரஞ்சுக் கலரில், பஞ்சு மெத்தையைக் கழுத்தில் மாட்டினது போல. நான் வேண்டாம் என்றேன். "போடாம வள்ளம் எடுக்க மாட்டேன் மாமா" என்றான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். போட்டுக்கொண்டேன்.

"மாப்பிள்ள கணக்கா இருக்கீய அண்ணாச்சி" என்றார் பூவனநாதன்.

"மாப்பிள்ள பாக்கத்தான் வந்துருக்கேன்" என்று வாய் தவறி வந்துவிட்டது. லிங்கராஜ் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. என்ஜினைச் சுண்டிவிட்டான்.

நான் கடலைப் பார்க்காதவன் இல்லை. திருச்செந்தூரில் முழங்கால் வரைக்கும் நின்று குளித்திருக்கிறேன். ஆனால் அது கரையில் நின்று பார்த்தது. இப்போது திரும்பிப் பார்க்கப் பார்க்கக் கரை மெலிந்துகொண்டே போனது. கட்டடமெல்லாம் உப்புக்கல் அளவுக்கு ஆனது. அப்புறம் ஒரு கோடு. அறுபத்தேழு வயசில் முதல் தடவையாக எட்டின தூரத்தில் மண் இல்லாத இடத்தில் இருந்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். எங்கள் ஊரில் ஒரு குடத்துக்கு இரண்டு பெண்கள் முடியைப் பிடித்துக்கொள்கிறார்கள். இங்கே கேட்க ஆளில்லாமல், காவல் இல்லாமல், வரப்பு இல்லாமல் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. யாரிடம் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

ஒரு சின்னத் தீவு தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ஜினை அணைத்துவிட்டு, "இப்பப் பாருங்க" என்று லிங்கராஜ் மூடியை எடுத்தான்.

எல்லாரும் ஒரே மூச்சில் "ஆத்தீ!" என்றார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். மஞ்சள், ஊதா, பச்சை. மான்கொம்பு போல ஒன்று, பனைவோலை விசிறி போல ஒன்று. ஊடே மீன்கள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திருவிழாவில் பெட்டிக்குள் படம் காட்டுகிறவனைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்கு அடியில் படத்தை ஒட்டி ஏமாற்றுகிறானோ? தண்ணீர் என்றால் அடி இருட்டாக இருக்க வேண்டும். நான் பார்த்த கிணறு எல்லாம் அப்படித்தான். குனிந்தால் நம் மூஞ்சிதான் தெரியும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று இறங்கினவனுக்குத்தான் தெரியும்.

அவர்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பின்பக்கம் போய்ப் பையைத் திறந்தேன். கயிற்றின் ஒரு முனையை இடது மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டேன். கிணற்றில் கயிறு நழுவிப்போகாமல் இருக்க அப்படித்தான் செய்வோம். கரண்டியை மெதுவாக இறக்கினேன். போனது, போனது, தொய்ந்தது. தரை தட்டிவிட்டது. மேலே இழுத்தேன். வரவில்லை. வலது பக்கம் இழுத்தேன், இடது பக்கம் இழுத்தேன். சனியன், எதிலோ வசமாகக் கொக்கி போட்டுக்கொண்டது.

"அப்பா, கயிறு! கீழ ஒரு கயிறு வருது!" என்று கத்தினாள் ஐஸ்வர்யா.

லிங்கராஜுக்கு என்ஜின் சத்தத்தில் அது கேட்கவில்லை. அடுத்த இடத்துக்குப் போவதற்காக அவன் அப்போதுதான் என்ஜினைக் கிளப்பியிருந்தான். வள்ளம் நகர்ந்தது. தொய்ந்து கிடந்த கயிறு விறைத்தது. அது என் கையைத் தோளோடு பிடுங்குவது போல இழுக்க, நான் விளிம்பில் போய் விழுந்தேன். தலை வெளியே, தண்ணீர் மூஞ்சிக்கு ஒரு முழத்தில்.

"ஏய் நிறுத்து! நிறுத்துப்பா! பெரியவர் போறாரு!" பூவனநாதன் என் வேட்டியையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டிப் பிடித்தார்.

என்ஜின் நின்றது. லிங்கராஜ் பலகையைத் தாண்டி வந்தான். என் மணிக்கட்டைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். இப்போது சிரிப்பான், இல்லை திட்டுவான் என்று நினைத்தேன்.

"அளந்தீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

"எடுக்க முடியல" என்றேன். வேறு என்ன சொல்வது?

"கத்தி இருந்தா அறுத்து விடுங்க தம்பி" என்றாள் சுதாராணி. அவன் இடுப்பில் கத்தி இருந்தது. அவன் எடுக்கவில்லை. முடிச்சைக் கையாலேயே அவிழ்த்தான். கயிற்றின் முனையைப் பூவனநாதனிடம் கொடுத்து, "இழுக்காம சும்மா பிடிச்சிக்கோங்க அண்ணாச்சி" என்றான். மணல் பக்கமாக நங்கூரத்தைப் போட்டு, வள்ளம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டான். சட்டையைக் கழற்றினான். சத்தம் இல்லாமல் இறங்கிப் போய்விட்டான்.

அப்போதுதான் நான் கண்ணாடிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து நிஜமாகப் பார்த்தேன்.

அது படம் இல்லை. என் கயிறு அதற்குள் போயிற்று. என் அப்பாவின் பாதாளக் கரண்டி அங்கே ஒரு ஊதாப் பாறையின் கொம்பில் மாட்டிக்கொண்டு, கொல்லன் அடித்த தழும்பு வரைக்கும் தெரிந்தது. மேலே அடிக்கிற அதே சித்திரை வெயில் அத்தனை தண்ணீரையும் தாண்டிக் கீழே தரையில் விழுந்து, வலை வலையாக ஆடிக்கொண்டிருந்தது. பாறைக்கு அந்தப் பக்கம் காடு! ஆமாம், காடுதான். விதைத்து இருபது நாளான கம்பங்காடு மாதிரி பச்சைப் புல், வரிசை வரிசையாக, காற்று இல்லாமலே சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. யார் உழுதது? யார் விதைத்தது? எங்கள் ஊரில் ஒரு சொட்டு விழாதா என்று நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த இரண்டு வருஷமும், யாரும் பார்க்காத இந்த இடத்தில் இப்படி ஒரு வெள்ளாமை நின்றிருக்கிறது. அறுபத்தேழு வருஷமாக நான் குனிந்து பார்த்த ஆழமெல்லாம் இருட்டு. இது ஒன்றுதான் வெளிச்சமாக இருந்தது.

அந்த வெளிச்சத்துக்குள் என் தங்கை மகன் தலைகீழாக இறங்கினான். கறுத்த உடம்பு கண்ணாடிக்கு அடியில் பொன்னாகத் தெரிந்தது. மஞ்சள் வரி போட்ட மீன் கூட்டம் அவனுக்கு வழிவிட்டு, அவன் போனதும் மறுபடி சேர்ந்துகொண்டது. நான் எண்ண ஆரம்பித்தேன். கிணற்றில் மூழ்கினவனை மேலே நிற்பவன் எண்ண வேண்டும், பழக்கம். பத்து. பதினைந்து. அவன் கரண்டியைப் பிடுங்கவில்லை. ஒரு கையால் கயிற்றைத் தளர்த்தி, மறு கையால் கொக்கியை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி, முள்ளில் மாட்டின சேலையை எடுக்கிற மாதிரி எடுத்தான். இருபத்தெட்டு. முப்பது. ஒரு கொம்புகூட ஒடியவில்லை. முப்பத்தைந்து. 'ஏலே, போதும், வா. இரும்பு போனாப் போகுது' என்று நான் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று பூவனநாதன் பிற்பாடு சொன்னார். சொர்ணத்தாய்க்கு ஒரே மகன். என் கிறுக்குத்தனத்துக்காகப் போனவன்.

முப்பத்தொன்பதில் அவன் அண்ணாந்து பார்த்தான். கண்ணாடிக்கு மேலே என் மூஞ்சி தெரிந்திருக்கும். ஒரு விரலை ஆட்டி மேலே இழுக்கச் சொன்னான். நாற்பத்திரண்டில் தலை வெளியே வந்தது. விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கினான். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"மூணு பாகம் இருக்கும் மாமா" என்றான் தண்ணீரில் நின்றபடியே. "வருசத்துலயே சித்திரையிலதான் கொறச்சல். ஐப்பசியில ஒரு முழம் ஏறும்."

"சித்திரைன்னு உனக்கு யாரு சொன்னது?"

"இசக்கி மதினி கெணறு வத்துனத அம்மா சொல்லி அழுதுருக்கா."

பூவனநாதன் இழுத்துக் கொடுத்த கரண்டியை மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு, "இது வத்தாதா?" என்றேன்.

"வத்தாது மாமா."

"குடிக்க ஆகாதே."

"ஆகாது."

அவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"கத்திய வச்சிக்கிட்டு ஏன் அறுக்கல?"

"அறுத்தா எங்கம்மா என்னய அறுத்துருவா. தாத்தா கரண்டில்லா அது? இழுத்தாலும் பவளக் காரை ஒடையும். ஒரு சாண் வளர எத்தன வருசமோ." ஏறி உட்கார்ந்து தலையைத் துவட்டினான். "எல்லாரும் நல்லாப் பாத்தாச்சா? தீவுக்குப் போவமா?"

பூவனநாதன் என் கையில் ஒரு கடலைமிட்டாயை வைத்தார். "தின்னுங்க அண்ணாச்சி" என்றார். தின்றேன். கண்ணாடியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. தீவில் எல்லாரும் இறங்கிச் சங்கு பொறுக்கினார்கள். நான் இறங்கவில்லை. திரும்பி வருகிற வழி பூராவும் குனிந்தே இருந்தேன். ஆழம் கூடிக்கூடிப் பச்சை நீலமாகி, நீலம் கறுப்பாகி, கடைசியில் என் மூஞ்சி தெரிந்தது. அப்போதுதான் நிமிர்ந்தேன்.

கரையில் இறங்கியதும் அவனிடம் கேட்டேன். "வீட்டுக்குக் குடிதண்ணி?"

"பைப்புல மூணு நாளைக்கு ஒருக்க வரும் மாமா. தெருக் கோடியில."

"யாரு எடுக்கா?"

"நான்தான்."

இதை எல்லா மாப்பிள்ளையும்தான் சொல்வான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், "வாண்ணே" என்று அழுகையும் சிரிப்புமாக வந்த சொர்ணத்தாயைத் தாண்டி, வாசலில் நின்ற சைக்கிளிடம் போனேன். கேரியரில் குறுக்காக ஒரு இரும்புக் கம்பி. இரண்டு பக்கமும் கொக்கி வளைத்துக் குடம் தொங்கவிடுகிற ஏற்பாடு. எல்லா இடமும் துருப்பிடித்திருந்தது, உப்புக் காற்று. குடத்துக் கயிறு உட்கார்கிற நாலு இடம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு மாசத்துத் தேய்மானம் இல்லை அது. வருஷக்கணக்கு.

"என்னண்ணே, சைக்கிளயா பொண்ணு கேட்டு வந்த?" என்றாள் தங்கை.

"உன் மகன்தான் தண்ணி எடுக்கானா?"

"பின்ன? அளத்துல நின்னு நின்னு என் காலு ரெண்டும் புண்ணு. நான் கொடத்தத் தூக்கி எட்டு வருசமாச்சி."

"தை மாசம் வாங்க" என்றேன். அவள் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்று விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பொழுது சாயும்போது ஊர் வந்து சேர்ந்தேன். செல்வமாரி ஆபீஸிலிருந்து வந்து கையில் ஒட்டின தீப்பெட்டிப் பசையைக் கழுவிக்கொண்டிருந்தாள், அரைச் செம்புத் தண்ணீரில். என்னைப் பார்த்ததும் கழுவுவதை நிறுத்தினாள். கேட்கவில்லை. வாக்கு தவற மாட்டாள்.

"பாத்தியளா?" என்று கேட்டது வெயிலுகந்தம்மாள்தான்.

"பாத்தேன்" என்றேன். என்ன பார்த்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கம்பங்காடு என்றேன். வெளிச்சம் என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பையிலிருந்து கயிற்றை எடுத்துச் செல்வமாரி முன்னால் போட்டேன். அது வழியிலேயே காய்ந்திருந்தது. கரிசல் தண்ணீர் பட்டுக் கறுத்துப்போன கயிறு, கரண்டியிலிருந்து மேலே ஒரு அளவு வரைக்கும் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது. கொக்கியில் ஒரு இணுக்குக் கடல் புல் சுற்றிக் கிடந்தது.

"இத மாடு திங்குமா?" என்றாள் என் பெஞ்சாதி.

செல்வமாரி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கயிற்றை எடுத்தாள். வெள்ளை முடிகிற இடத்தைக் கண்டுபிடித்தாள். இரண்டு கையையும் அகல விரித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. மிச்சம் கொஞ்சம் இருந்தது.

"மூணேகால் இருக்குப்பா" என்றாள்.

"மூணுதான். உன் கை சிறுசு."

"நீங்க அளந்தது எந்த மாசம்?" என்று கேட்டாள், தலையை நிமிர்த்தாமலே.

"சித்திரைட்டி" என்றேன். "இந்தத் தடவ சித்திரையிலதான் அளந்தேன்."

அவள் கயிற்றை விடவில்லை. மறுபடி முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தாள்.